வேங்கைத் தண்ணீரின் நீலம்

கைவினைப் பொருட்காட்சி எங்கே நடந்தாலும் ஏதாவது ஒரு கடையில் வேங்கை மரக் குவளை இருக்கும். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை குறையும் என்று கடைக்காரர் சொல்வார். மருந்து விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன்; அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். வாங்கிப் போகிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன். குடிப்பதற்கு முன்னால் அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, வெயில் விழும் ஜன்னலில் வையுங்கள். பின்பக்கம் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தேநீர் நிறமாக இருக்கிற அதே தண்ணீர், இப்படிப் பார்க்கும்போது ஓரங்களில் நீலமாக மினுங்கும். அந்த நீலத்துக்கு நானூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட எழுத்து வரலாறு உண்டு. அதில் நம் நாட்டுக்கும் இந்தச் சென்னைக்கும் உள்ள பங்கு போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

நான் தேனாம்பேட்டையில் பிறந்தவள். எல்டாம்ஸ் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில் அப்பாவுக்கு மரப்பட்டறை. பிறகு கல்லூரியில் தாவரவியல் படித்து, அதையே பாடமாகவும் நடத்தினேன். மரத்தின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு முன்பே பட்டறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால், இரண்டு இடத்து அறிவையும் சேர்த்து யோசிப்பது எனக்குப் பழகிவிட்டது.

அப்பா மரம் கண்டுபிடிக்கிற முறைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் தூக்கிப் பார்ப்பார். அடுத்து இழைப்புளியால் ஒரே ஒரு சீவல். சுருள் எப்படி வருகிறது, நீளமாக வருகிறதா, பொடிந்து உதிர்கிறதா என்று கவனிப்பார். சீவிய இடத்தில் மூக்கை வைப்பார். தேக்கு என்றால் தோல் பதனிட்டது போன்ற வாசனையும் கையில் லேசான எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். அதற்குமேல் சோதனை வேண்டாம். சந்தேகம் தீராவிட்டால் கட்டையின் தலைப்பக்கத்தைக் கூர்உளியால் வழவழப்பாக வெட்டி, எச்சில் தடவி, துளைகளின் வரிசையைப் பார்ப்பார். வேங்கைக்குத் தனியாக ஒரு சோதனை வைத்திருந்தார். மரத்தூளை ஈரத்தரையில் கொட்டி வைப்பார். மறுநாள் தரையில் மஞ்சள் கறை பிடித்திருந்தால் வேங்கை. கறை படிந்த வாளித் தண்ணீரில் நீலம் தெரிவதையும் அவர் பார்த்திருக்கிறார். “வேங்கை தண்ணியில பூ காட்டும்மா” என்பார். அதை ஒரு அடையாளமாக நம்பினாரே தவிர, ஏன் என்று கேட்டால் சிரிப்பார்.

இந்த அறிவுக்குத் தேவை அதிகமாக இருந்த காலம் அது. கதீட்ரல் சாலை, சாமியர்ஸ் சாலை, ஆழ்வார்பேட்டைப் பக்கத்துப் பழைய தோட்ட வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருந்தன. இடித்த வீட்டின் உத்திரம், நிலை, கதவு, மாடிப்படி எல்லாம் மொத்தமாக விலை பேசப்பட்டு மரவாடிக்குப் போகும். மரவாடியில் எல்லாமே பர்மா தேக்குதான். அப்படிச் சொன்னால்தான் கன அடிக்கு நல்ல விலை. நூறு வருஷத்துப் புகையும் வார்னிஷும் படிந்த உத்திரத்தில் உள்ளே இருப்பது தேக்கா, வேங்கையா, அந்தமானிலிருந்து கப்பலில் வந்த படாக்கா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வால்டாக்ஸ் ரோட்டுக்கு மரம் பார்க்கப் போகிறவர்கள் அப்பாவைக் கூடவே கூட்டிப் போவார்கள். மரம் கைமாறுகிற நேரத்தில்தான் அதன் பெயருக்கு விலை உண்டு.

வெள்ளைக்காரர்களுக்கும் இதே தேவைதான் இருந்தது. கப்பல் கட்ட, பாலம் போட, தண்டவாளத்துக்குக் கீழே படுக்க வைக்க எந்த மரம் உதவும் என்று தெரிய வேண்டும். அதற்கான வேலை பெரிய அளவில் நடந்தது இந்தச் சென்னையில். 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் கதீட்ரல் சாலையில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், இந்தியாவிலும் கிழக்கு, தெற்கு ஆசியாவிலும் கிடைக்கும் கட்டட மரங்கள், அலங்கார மரங்கள் பற்றி 1858இல் ஒரு நூலே எழுதினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் போதித்த ஹ்யூ கிளெக்ஹார்ன் 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளர் ஆனார். அவருக்குப் பின் வந்தவர்களில் ஜே. எஸ். கேம்பிள் முக்கியமானவர். சென்னை மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்தவர், பிறகு டேராடூன் வனப்பள்ளியின் இயக்குநர். 1881இல் வந்த அவருடைய இந்திய மரங்கள் கையேடு, 1902இல் திருத்திய பதிப்பு கண்டது. மரத்தின் நிறம், எடை, துளைகள், கதிர்கள் என்று வரிவரியாக விவரிக்கும் புத்தகம். கல்லூரி நூலகத்தில் அதை முதன்முதலாகப் புரட்டியபோது அப்பாவின் ஒழுங்கே அச்சில் வந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. தூக்கிப் பார், வெட்டிப் பார், நிறம் பார். இந்தப் புத்தகங்களில் ஊர்ப்பெயர்கள் தமிழிலும் தெலுங்கிலும் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சொன்ன ஆசாரிகளின் பெயர்களுக்குத்தான் இடமில்லை. இதை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை.

நீலத்தின் கதை வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. 1565இல் ஸ்பெயினின் செவில் நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்டெஸ், மெக்ஸிகோவிலிருந்து வரும் ஒரு மரத்தைப் பற்றி எழுதினார். அதன் சிராய்களைத் தண்ணீரில் ஊறப்போட்டால் தண்ணீர் நீலமாகும், சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து என்றார். ஐரோப்பா முழுவதும் அந்த மரத்துக்குக் கிராக்கி. 1646இல் அத்தனேசியஸ் கிர்ச்சர் என்ற ஏசு சபைப் பாதிரியார் அதே மரமென்று நம்பிய ஒரு குவளையைப் பற்றி எழுதி, அதில் ஊற்றிய தண்ணீர் பலநிறம் காட்டுவதை வியந்தார். 1664இல் ராபர்ட் பாயில் அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். புளிப்பு சேர்த்தால் நீலம் அணைகிறது, காரம் சேர்த்தால் திரும்பி வருகிறது என்று கண்டார். வேங்கைச் சீவலை வைத்து இதையே என் மாணவிகளைச் செய்யச் சொல்வேன். எலுமிச்சம்பழமும் சுண்ணாம்புத் தெளிநீரும் போதும், பரிசோதனைக்கூடம் வேண்டாம்.

இந்தக் கதையில் நமக்கு வேண்டிய திருப்பம் 1915இல் வருகிறது. அமெரிக்கத் தாவரவியலாளர் வில்லியம் சாஃபோர்ட் பழைய குறிப்புகளை எல்லாம் அலசி, ஐரோப்பியர்கள் ஒரே பெயரில் இரண்டு மரங்களைக் குழப்பிக்கொண்டார்கள் என்று காட்டினார். சிராயாக வந்தது ஐசன்ஹார்டியா என்ற மெக்ஸிகோ மரம். குவளையாக வந்தது பிலிப்பைன்ஸின் நார்ரா, தாவரவியலில் டெரோகார்பஸ் இண்டிகஸ். அது நம் வேங்கையின் உடன்பிறப்பு. சோழமண்டலக் கரையின் தாவரங்களை வரைந்து வெளியிட்ட வில்லியம் ராக்ஸ்பரோ பெயரிட்ட டெரோகார்பஸ் மார்சுபியம்தான் நம் வேங்கை. ஆக, ரோமாபுரி அறிஞர்கள் வியந்த குவளைக்கும் நம் பொருட்காட்சிக் குவளைக்கும் ஒரே குடும்பம். ஐரோப்பா அதைப் புதிராகப் பார்த்தது, நாம் மருந்தாகப் பார்த்தோம். நீலத்தைக் கண்டது இரு பக்கமும்தான்.

அந்த நீலம் எப்படி வருகிறது என்பதை 1852இல் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் விளக்கினார். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைச் சில பொருள்கள் உறிஞ்சி, கொஞ்சம் சக்தியை இழந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளியே விடுகின்றன. ஸ்டோக்ஸ் இதைக் காட்டப் பயன்படுத்திய முக்கியப் பொருள் குயினைன் கரைசல். பிற்பாடு நீலகிரியில் தோட்டம் தோட்டமாகப் பயிரான சின்கோனா பட்டையின் சாரம். மரத்தில் இந்த வேலையைச் செய்வது வைரப் பகுதி. மரம் முதிரும்போது நடுப்பகுதிச் செல்கள் செத்து, பூச்சியையும் பூஞ்சையையும் எதிர்க்கும் வேதிப்பொருள்கள் அங்கே சேர்கின்றன. நிறம், வாசனை, கசப்பு, கறை எல்லாம் அந்தச் சேமிப்பின் வெளிப்பாடு. சில மரங்களில் அதே சேமிப்பு ஒளிரவும் செய்கிறது. வெளிறுப் பகுதியில் அது இருக்காது. 2009இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் மெக்ஸிகோ மரத்தின் ஒளிரும் பொருளைப் பிரித்தெடுத்தபோது, அது மரத்துக்குள் அப்படியே இருப்பதில்லை, தண்ணீரில் ஊறும்போதுதான் உருவாகிறது என்று தெரிந்தது. நானூறு வருஷம் யாருக்கும் பிடிபடாததில் ஆச்சரியமில்லை.

1903இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் விடும் கறுப்புக் கண்ணாடியை உருவாக்கினார். பாதரச ஆவி விளக்கின் முன்னால் அதை வைத்தால் இருட்டறையில் ஒளிரும் பொருள் மட்டும் தெரியும். தோல் மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள், நகை வியாபாரிகள் எடுத்துக்கொண்டார்கள். மரத்துக்கு அதை எடுத்துக்கொண்டவர்களில் நம்மவர்கள் முன்னணியில் நிற்கிறார்கள். 1935இல் டேராடூனிலிருந்து வெளிவரும் இந்தியன் ஃபாரஸ்டர் இதழில், வன ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். கிருஷ்ணாவும் கே. ஏ. சவுத்ரியும் புற ஊதா விளக்கில் மரங்கள் ஒளிர்வதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் வேதியியல்காரர், மற்றவர் மர உள்ளமைப்பு வல்லுநர். இந்தச் சேர்க்கையே எனக்கு மிகவும் பிடிக்கும். நிறம் ஏன் என்று கேட்பவரும் துளை எங்கே என்று பார்ப்பவரும் ஒரே விளக்கின் கீழ் நின்றிருக்கிறார்கள்.

சவுத்ரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரிந்து மக்கிய மரத்துண்டையும் வெட்டிப் பார்த்து இனம் சொல்லக்கூடியவர். ஹரப்பாவில் கிடைத்த ஒரு சவப்பெட்டியின் மக்கிய எச்சத்தில், பெட்டி ரோஸ்வுட் வகை, மூடி தேவதாரு என்று அடையாளம் கண்டது அவரும் எஸ். எஸ். கோஷும், அந்த அறிக்கை 1951இல் வந்தது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய தச்சர் எந்த மரத்தை எதற்குத் தேர்ந்தார் என்று நமக்குத் தெரிவது இப்படிப்பட்ட கண்களால்தான். இந்தப் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இருந்திருக்க வேண்டும்.

டேராடூன் கட்டுரைக்குப் பிறகு ஐம்பது வருஷம் கழித்து, பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தில் இருந்த மரத்துண்டுச் சேகரத்தில் 10,610 இனங்களை அவெல்லா, டெஷாம்ப்ஸ், பாஸ்டின் ஆகிய மூவர் புற ஊதா ஒளியில் வைத்துப் பார்த்து 1988இல் முடிவை வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் சர்வதேச மர உள்ளமைப்பு வல்லுநர் சங்கம் வெளியிட்ட இலையகல மரங்களின் அடையாளப் பட்டியலில், வைரம் ஒளிர்கிறதா, தண்ணீரில் ஊறிய சாறு ஒளிர்கிறதா, சாராயத்தில் ஊறிய சாறு ஒளிர்கிறதா என்பவை முறையான அடையாளங்களாக இடம்பெற்றன. மல்பெரி குடும்பத்துக் கட்டையோடு சாதாரணமாகக் குழம்பும் ரொபினியா மரம், விளக்கைக் காட்டியதும் பச்சை மஞ்சளாகப் பளீரென்று எரியும். மல்பெரி அப்படி எரியாது. பார்த்த மாத்திரத்தில் தீர்ந்துவிடும் வழக்கு அது.

விளக்கு இன்று எல்லார் கைக்கும் எட்டும். ரிச்சி தெருவில் கேட்டால் புற ஊதா டார்ச் தருகிறார்கள். வாங்குகிறவர்கள் 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். 395 என்று எழுதியிருப்பதில் ஊதா வெளிச்சமே அதிகம் கசிந்து மரத்தின் ஒளிர்வை மூழ்கடித்துவிடும். கண்ணில் அடிக்கக் கூடாது. அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். மரத்தைப் புதிதாகச் சீவியிருக்க வேண்டும், காரணம் வெயில் பட்ட மேல்தோல் நாளாக ஆக ஒளிர்வை இழந்துவிடுகிறது. பக்கத்தில் வெள்ளைக் காகிதமோ துவைத்த துணியோ இருக்கக் கூடாது. அவற்றில் சேர்க்கும் வெண்மைப் பொருள் பளீரென்று நீலமாக எரிந்து கண்ணைக் கூசவைக்கும். பழைய மேஜை நாற்காலி என்றால் முதலில் தெரிவது பாலிஷ்தான். அரக்கு பாலிஷ் ஆரஞ்சு நிறமாக ஒளிரும். மரச் சாமான் பழுதுபார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. எந்தக் காலில் பழைய அரக்கு இருக்கிறது, எந்தக் காலைப் பிற்பாடு மாற்றி வேறு வார்னிஷ் அடித்திருக்கிறார்கள் என்று ஒரு வீச்சில் தெரிந்துவிடும். அப்பா காலத்தில் இது இருந்திருந்தால் மரவாடியில் எத்தனை பேச்சு மிச்சமாகியிருக்கும்!

ஆனால் எல்லை தெரிந்து பயன்படுத்த வேண்டும். வேங்கைச் சாறும் நீலம், படாக் சாறும் நீலம். இரண்டும் டெரோகார்பஸ். எந்த வீட்டு மனிதர் என்று விளக்கு சொல்லும், அண்ணனா தம்பியா என்று சொல்லாது. அதற்குக் கட்டையின் தலைப்பக்கத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும், எடை பார்க்க வேண்டும், நிறம் பார்க்க வேண்டும். ஒளிரவில்லை என்பதை வைத்து ஒரு மரத்தை நிராகரிப்பது அதைவிட ஆபத்து. ஒரே இனத்திலேயே ஒரு மரம் பிரகாசமாகவும் இன்னொன்று மங்கலாகவும் இருக்கும்.

இந்தக் குடும்பத்தில் சென்னையோடு அதிகம் பிணைந்தது செம்மரம், டெரோகார்பஸ் சான்டலினஸ். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக விளையாமல், சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா மலைகளிலும் அவற்றை ஒட்டிய நம் வட மாவட்டக் காடுகள் சிலவற்றிலும் மட்டுமே வளர்வது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே அது சென்னைக் கடற்கரையிலிருந்து கப்பலேறியது. கனமான கட்டை என்பதால் கப்பல் ஆடாமல் இருக்க அடியில் பாரமாக அடுக்குவார்கள். லண்டனில் இறக்கிச் சாயத்துக்கு விற்பார்கள். பாரமும் சரக்கும் ஒன்றே. அந்தச் சாயமான சான்டலின் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். அதனால் செம்மரச் சீவலைத் தண்ணீரில் போட்டால் வெறும் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. சாராயத்தில் போட்டால் ரத்தச் சிவப்பு.

சீனத்தில் மிங், சிங் அரச வம்சங்கள் மிக உயர்வாக மதித்த சிட்டான் மரச் சாமான்களின் மரம் இதுதான். இன்று அங்கே அதற்குள்ள விலை, போலியையும் கூடவே வளர்த்திருக்கிறது. மடகாஸ்கரின் டால்பெர்ஜியா மரம் ஒன்று பார்வைக்குச் செம்மரத்தைப் போலவே இருக்கும். சீன வியாபாரிகள் இரண்டையும் பிரிக்கச் செய்வது என்ன தெரியுமா? சீவலைத் தண்ணீரில் போட்டு விளக்குக் காட்டுகிறார்கள். செம்மரத்தின் தண்ணீர் ஒளிரும், மடகாஸ்கர் மரத்தின் தண்ணீர் ஒளிராது. 2000இல் சீன அரசு 33 மர இனங்களுக்கு வகுத்த தரநிர்ணயத்தில் செம்மரம் முக்கிய இடம் பெற்றிருக்கிறது. எங்கள் பட்டறை வாளியில் அப்பா கண்ட பூ, பெய்ஜிங் கடைத்தெருவில் வியாபார நுணுக்கமாகிவிட்டது.

செம்மரம் 1995 முதல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தேனாம்பேட்டைக்குப் பக்கத்திலேயே, தியாகராய நகர் ஜி. என். செட்டி சாலையில் இருக்கும் வருவாய்ப் புலனாய்வு இயக்ககத்தின் அலுவலகத்திலிருந்து போன அதிகாரிகள், வேறு சரக்கு என்று பெயர் எழுதிய கன்டெய்னர்களில் செம்மரத்தைப் பிடித்த செய்தி பத்திரிகையில் அடிக்கடி வரும். அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் 2015 ஏப்ரல் 7 எனக்கு நினைவுக்கு வரும். அன்று சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து, பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கத்து மலையடிவாரங்களிலிருந்து மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள். கட்டையைக் கோடாரி ஓசையிலேயே அடையாளம் சொல்லக்கூடிய மனிதர்கள் அந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் அறிவுக்கு வேலை கொடுத்தது கடத்தல்காரன் மட்டும்தான் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

துறைமுகத்தில் பிடிபட்ட கட்டை எந்த மரம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க, பெங்களூருவின் மர அறிவியல் தொழில்நுட்ப நிலையம் போன்ற இடங்களுக்கு மாதிரி போகும். அங்கே நுண்ணோக்கியில் துளைகளையும் கதிர்களையும் எண்ணிச் சான்று தருவார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தை வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. ஆனால் கன்டெய்னர் கதவைத் திறந்து நிற்கும் காவலர் எந்தக் கட்டையை மாதிரிக்கு எடுக்கலாம் என்று முடிவு செய்ய, ஒரு டார்ச்சும் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு சின்ன உளியும் போதும். கிருஷ்ணாவும் சவுத்ரியும் 1935இல் தொடங்கியதன் உரிய இடம் அந்தக் கதவடிதான். ஆசாரிகளை வரவழைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுக்கச் சொன்னால் உற்சாகமாக வருவார்கள். சுருளை எப்படிச் சீவ வேண்டும் என்று அவர்களைத் தவிர யார் சொல்லிக் கொடுக்க முடியும்?

இப்போது அப்பா பட்டறையில் சேர்த்து வைத்திருந்த மரத்துண்டுகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊர்ப்பெயர், தாவரவியல் பெயர், எந்தத் தெரு வீட்டை இடித்தபோது வந்தது, தண்ணீரில் என்ன நிறம், சாராயத்தில் என்ன நிறம், விளக்கில் என்ன நிறம் என்று ஆறு வரி. ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில், அந்தப் பெயரை எனக்குச் சொன்னவரின் பெயரையும் எழுதுகிறேன்.